இராட்டினக் குதிரையும் காயல் துறையும்

தாமிரவருணி கடலொடு கலக்கும் இடத்தில் அமைந்த புன்னக்காயல் என்னும் ஊரைத் தமிழறிஞர் பெரும்பாலும் அச்சுக்கலையின் வரலாற்றில் வைத்தே அறிவர். அண்டிரிக்கு அடிகளார் இங்குத் தங்கித் தமிழ் பயின்றார். அவர் தமிழில் யாத்த 'அடியார் வரலாறு' 1586இல் இவ்வூரிலேயே அச்சேறியது என்பது ஆய்வாளர் பலரின் துணிபு. இக்கட்டுரை அச்சைப் பற்றியதன்று, குதிரையைப் பற்றியது. அதுவும் உயிருள்ள குதிரையைப் பற்றி மட்டும் அன்று. திருவிழாக் காலத்தில் கடைத்தெருவின் ஓரத்தே நடப்பெறும் குடை இராட்டினத்தில் சிறுவர் ஏறிச் சுற்றுகின்ற மரக்குதிரையைப் பற்றியதாகும்.

குடை இராட்டினம் வெள்ளையர் வழி வந்த விளையாட்டுப் பொருள், ஆதலின் அதில் நாம் ஆராய்தற்கு ஒன்றும் இல்லை என்பது பொதுவான எண்ணம். தேரையும் தெப்பத்தையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியோரும் தேரடிக்கு எதிரே சுழலும் இராட்டினத்தை ஏறிட்டும் பார்த்திலர். அவ்வெண்ணம் பாதி உண்மை. மற்றைப் பாதியைக் காண வேண்டுமாயின், ஐரோப்பாவிற்குச் செல்லுமுன் காயல் துறைக்குச் செல்லுதல் வேண்டும்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். இராட்டினம் என்னும் சொல் நூல் நூற்கும் பொறியையும், நீர் இறைக்கும் உருளையையும், ஏறிச் சுற்றும் விளையாட்டுப் பொறியையும் ஒருங்கே குறிக்கும். தெலுங்கில் ராட்னமு எனவும் கன்னடத்தில் ராட்டெ எனவும் இஃது வழங்கும். ஆரக்கால்களை உடைய நீர்ச்சக்கரத்தைக் குறிக்கும் 'அரகட்டம்' என்னும் வடசொல்லே பிராகிருதத்தில் 'அரகட்ட', 'ரகட்ட' எனத் திரிந்து, இந்தியில் 'ரகட்' என நீர்ப்பொறிக்கும் 'ரகட்டா' என நூற்பொறிக்கும் பெயராயிற்று என்பர் சொல்லறிஞர். நம் சொல்லும் அக்குடியினதே எனக் கொள்ளுதல் தகும். எவ்வாறாயினும் ஒன்று தெளிவு. தமிழன் இப்பொறிக்குப் பெயரிட்டபோது அவன் கண்ணிற்பட்டது சக்கரம், குதிரையன்று.

ஐரோப்பியர் இட்ட பெயரோ இதற்கு முற்றிலும் மாறானது. பிரெஞ்சில் 'கரூசல்' எனவும் இத்தாலியில் 'கரோசெல்லோ' எனவும் வழங்கும் அச்சொல் முதலில் ஒரு பொறியின் பெயரே அன்று. குதிரைவீரர் ஆடிய போர்விளையாட்டின் பெயர். 'சிறுபோர்' என்னும் பொருளினின்று அது பிறந்தது என்று பரவலாகக் கூறுவர். நேப்பிள்சு நகர வழக்கில் களிமண் உருண்டையைக் குறித்த சொல்லினின்று பிறந்தது என்பாரும் உளர். வீரர் எதிரெதிர் அணியாக நின்று மண்ணுருண்டைகளை ஒருவர்மேல் ஒருவர் எறிந்தாடியதால் அப்பெயர் வந்தது என்பது அவர் கூற்று. இரண்டனுள் பின்னதே எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. விளையாட்டுக்குக் கருவியால் பெயர் அமைதல் எம்மொழியிலும் இயல்பு. நம் 'செண்டு' என்னும் சொல் பந்தையும் குதிரை ஓட்டும் வெளியையும் ஒருங்கு குறிப்பதை ஈண்டு ஒப்பிட்டுக் காண்க.

இவ்விளையாட்டு, நாணற்கோல் எறிந்தாடும் மூர் மக்களின் குதிரை விளையாட்டிலிருந்து இசுபானியர்க்கும் போர்த்துக்கேயர்க்கும் வந்து, பின்னர் இத்தாலி, பிரான்சு ஆகிய நாடுகளின் அரசவைகளிற் பரவியது. அதன் உச்சநிலை 1662ஆம் ஆண்டு சூன் திங்களில் பாரிசு நகரில் நிகழ்ந்தது. பதினான்காம் லூயி மன்னன் உரோமப் பேரரசன் கோலம் பூண்டு, துயிலரி அரண்மனை முற்றத்தில் குதிரையணிகளை நடத்தினான். உரோமர், பாரசீகர், துருக்கர், இந்தியர், அமெரிக்கர் என ஐந்து அணிகள். இந்தியர் அணிக்குத் தலைமை தாங்கியவன் ஆங்கியன் கோமகன். அம்முற்றம் இன்றும் 'கரூசல் சதுக்கம்' என்றே பெயர் பெற்றுள்ளது. ஓடும் குதிரைமேலிருந்து தொங்கும் வளையத்தை ஈட்டியாற் கோத்தெடுத்தல் இவ்விளையாட்டின் ஓர் உறுப்பு. இதனைப் பழகுதற்கு உயிர்க்குதிரையை ஓயாது ஓட்டுதல் இயலாமையின், நடுத்தூண் ஒன்றிற் பொருத்திய கைகளில் மரக்குதிரைகளை மாட்டிச் சுற்றச் செய்தனர். போர்ப் பயிற்சிக்கெனச் செய்த அப்பொறியே பின்னர்ச் சிறுவர் விளையாட்டாயிற்று.

குதிரையை வட்டமாக ஓட்டிப் பயிற்றும் வழக்கம் நமக்குப் புதிதன்று. மதுரைக்காஞ்சி, புரவியின் மண்டில ஓட்டத்தையும் ஆதி என்னும் நேரோட்டத்தையும் பெயர் சுட்டிக் கூறுகின்றது. பிற்கால நூல்களும் உரைகளும் குதிரையின் கதி ஐந்து, சாரி பதினெட்டு என வகுக்கும். வையாளி வீதி என்றும் செண்டுவெளி என்றும் குதிரை பயிற்றும் இடத்திற்குத் தனிப்பெயர்கள் இருந்தன. வட்டமும் இருந்தது, வீரரும் இருந்தனர். நிலைத்து வாழுங் குதிரைதான் இந்நாட்டில் அரிதாயிற்று.

கடல்வழிக் குதிரை வருதல் சங்க காலத்திலேயே தொடங்கிவிட்டது. பட்டினப்பாலை சோழர் துறையில் நீர்வழி வந்த புரவியைக் குறிக்கின்றது. மதுரைக்காஞ்சி பாண்டியர் கடற்கரையில் நாவாய்கள் கொணர்ந்த புரவியைப் பேசுகின்றது. பாண்டியப் பேரரசின் இறுதிக் காலத்தில் அவ்வாணிகம் எவ்வளவு பெருகியது என்பதை 1292ஐ ஒட்டி இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோவின் குறிப்பால் அறிகிறோம். ஒர்முசு, கீசு, ஏடன் முதலிய மேலைத் துறைகளிலிருந்து குதிரையும் பிறவும் ஏற்றி வரும் கப்பல்கள் யாவும் காயலைத் தொடும் என்கிறார் அவர். அக்காயல் இன்றைய பழையகாயலே என நிறுவியவர் கால்டுவெல். அவர் கொற்கையிலும் காயலிலும் அகழ்ந்து கண்டவற்றையும் தம் ஆய்வு முடிவுகளையும் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்று நூலிற் காணலாம். ஆறு கொணர்ந்த மண்ணால் கொற்கை கடலைவிட்டு அகன்றது, காயல் துறையாயிற்று. காயலும் அகன்றது, கழிமுகத்துப் புன்னக்காயல் துறையாயிற்று. ஒரே துறைமுகம் ஆற்றின் பின்னே நடந்து சென்றது என்றாலும் பிழையின்று.

போலோ தரும் கணக்கு வியப்பிற்குரியது. பாண்டிய மன்னன் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்க விரும்பினான். அவன் உடன்பிறந்தார் நால்வரும் அவ்வாறே. குதிரை ஒன்றின் விலை 500 சாச்சி எடைப் பொன். அஃது 100 மார்க்கு வெள்ளிக்கு மேற்பட்ட மதிப்பு என்கிறார். ஆண்டு முடிவில் அவற்றுள் நூறும் எஞ்சுவதில்லை, எல்லாம் மடிந்துபோம். காரணம், குதிரைக்கு மருத்துவம் பார்க்கவும் இலாடம் அடிக்கவும் வல்லார் இந்நாட்டில் இல்லாமை. குதிரை வணிகர் அத்தகையோரை உடன் கொண்டுவருவதும் இல்லை, பிறர் கொண்டுவர விடுவதும் இல்லை. குதிரைகள் மடிதலே அவர்க்கு ஊதியம். வேகவைத்த இறைச்சியும் சோறும் குதிரைக்கு இடப்பட்டன என்றும், நல்ல குதிரையோடு நல்ல குதிரை சேர்ந்து ஈன்ற குட்டியும் கால் கோணி ஏறுதற்கு உதவாததாயிற்று என்றும் அவர் எழுதுகின்றார்.

இது வெளிநாட்டார் ஒருவரின் மிகைக்கூற்று எனத் தள்ளலாமோ எனின், ஆகாது. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தே எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வசாபும் இதே நிலையைக் கூறுகின்றார். கீசுத் தீவின் தலைவன் சமாலுத்தீன் தன் குதிரைகளுள் 1,400ஐ ஆண்டுதோறும் பாண்டியர்க்கு அனுப்புவதென உடன்பாடு இருந்தது. பாரசீக வளைகுடாத் துறைகள் பலவற்றினின்றும் வந்தவை 10,000. குதிரை ஒன்றிற்கு 220 பொற்காசு. வழியில் இறந்த குதிரைக்கும் விலை கொடுத்தாக வேண்டும். பத்தாயிரத்தை இருநூற்றிருபதாற் பெருக்கினால் 22 இலட்சம் பொற்காசு. முத்துக்குளித்தும் நெல் விளைத்தும் இந்நாடு ஈட்டிய செல்வத்தில் பெரும்பகுதி ஆண்டுக்கு ஒருமுறை கொட்டிலில் செத்து விழுந்தது என்பதே இக்கணக்கின் பொருள். போலோவும் வசாபும் எண்ணிக்கையில் வேறுபடுவர்; இறப்பில் வேறுபடார்.

திருவாதவூரர் கதையை இவ்வொளியில் மீண்டும் படித்தல் வேண்டும். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பொருளை அமைச்சர் கோயிற்பணிக்குச் செலவிட, இறைவனே குதிரைச் செட்டாய் வந்து நரிகளைப் பரிகளாக்கி ஒப்படைத்தான். இரவில் அவை மீண்டும் நரிகளாகிக் கொட்டிலைவிட்டு ஓடின என்கின்றன திருவிளையாடற் புராணங்கள். சமய உண்மை ஒருபுறம் நிற்க. மாலையிற் பொன் கொடுத்து வாங்கிய குதிரை விடியலில் இல்லாமற்போதல் பாண்டி நாட்டு மக்களுக்கு வெறுங் கற்பனையாக இருந்திராது என்பது எம் கருத்து.

போர்த்துக்கேயர் 1510இல் கோவாவைக் கைப்பற்றிய பின்னர்க் குதிரை வாணிகம் பெரும்பாலும் அவர் வயப்பட்டது. ஆயினும் முத்துக்குளித்துறைக்கும் குதிரைக்கும் இருந்த தொடர்பு அற்றுவிடவில்லை. 1530களில் பரதவர் தம் இடருக்குப் போர்த்துக்கேயரின் துணையை நாடிக் கொச்சிக்குச் செல்லத் தூண்டியவர் சுவாம் தா குருசு என்னும் மலையாளக் கிறித்தவர். கோழிக்கோட்டு மன்னனால் லிசுபனுக்கு அனுப்பப்பெற்று அங்கே திருமுழுக்குப் பெற்ற அவர், குமரிப் பகுதிக்கு வந்திருந்தது குதிரை விற்பதற்கே. இக்கரையின் சமய வரலாற்றையே மாற்றிய நிகழ்ச்சியில் ஒரு குதிரை வணிகர் இடம்பெற்றமை தற்செயலாயினும் மறக்கத்தக்கதன்று. அதன்பின் புன்னக்காயல் போர்த்துக்கேயத் தலைவரின் இருக்கையாயிற்று. 1553இல் தாக்குதலுக்கு உள்ளாகி அல்லலுற்றது. காலப்போக்கில் தூத்துக்குடி அதன் இடத்தைப் பெற்றது.

போர்த்துக்கேயக் குடிப்பிறந்தார் தம் குதிரை விளையாட்டுகளைக் கோவாவிலும் நடத்தினர். 1624இல் அங்கிருந்த பியத்ரோ தெல்லா வாலே என்னும் இத்தாலியப் பயணி, அருளப்பர் திருநாளன்று ஆளுநர் முதலானோர் மாறுகோலம் பூண்டு இருவர் இருவராகக் குதிரைமேல் ஊர்வலம் வந்து, வீதியில் ஓட்டம் விட்டதை எழுதியுள்ளார். முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்துப் பாரிசில் நடந்ததன் சிற்றுருவமே இது.

இப்பயணியை ஈண்டு மற்றொரு காரணத்தாலும் நினைத்தல் வேண்டும். 1614, 1615ஆம் ஆண்டுகளில் கான்சுதாந்திநோபிள் நகரில் தங்கியிருந்தபோது, நோன்பு விழாவில் மக்களைத் தூக்கிச் சுழற்றும் பெரிய சக்கர ஊஞ்சலில் தாமே ஏறி மகிழ்ந்தவர் அவர். 1620இல் பீட்டர் மண்டி என்னும் ஆங்கிலேயர் துருக்கர் ஆட்சியிலிருந்த பிலிப்போபோலிசு நகரில் மூவகை ஊஞ்சல்களைக் கண்டு எழுதினார். ஒன்று கயிற்றூஞ்சல். மற்றொன்று நிமிர்ந்து சுழலும் பெருஞ்சக்கரம். மூன்றாவது, வண்டிச்சக்கரம்போற் படுக்கையாகச் சுழல்வது. அதன் விளிம்பிற் பொருத்திய சிறு இருக்கைகளிற் பிள்ளைகள் அமர்ந்து சுற்றினர். இம்மூன்றாவதே குடை இராட்டினத்தின் தெளிவான முன்னோடி. அதில் ஈட்டியில்லை, வளையமில்லை, குதிரையும் இல்லை. பாரிசின் குதிரையணி ஆட்டத்திற்கு நாற்பதாண்டு முன்னரே கீழைநாட்டுச் சந்தையில் இது சுழன்றுகொண்டிருந்தது.

ஆகவே இன்று நாம் காணும் இராட்டினக் குதிரைக்கு இரு குடிவழிகள் உண்டு. சக்கரம் கீழைநாட்டு ஊஞ்சலினின்று வந்தது. குதிரை மேலைநாட்டுப் போர்ப்பயிற்சியினின்று வந்தது. ஐரோப்பிய நூலார் பெரும்பாலும் பின்னதையே விரித்துரைப்பர். அவர்தம் அரசர் ஆடிய ஆட்டமாகலின் அவர்க்கு அது பெருமை. முன்னதை அவர் ஓரிரு வரியிற் கூறி அமைவர். நமக்கு நெருங்கியதோ முன்னதே. மன்னார்க் கடலுக்கு அப்பால் ஈழத்திற் சிங்கள மக்கள் புத்தாண்டு விழாவில் நடும் 'கத்துரு ஒஞ்சில்லாவ' மரத்தாலாகிய சுழலூஞ்சலே ஆகும். 'ஒஞ்சில்லாவ' என்பது நம் ஊஞ்சல் என்னும் சொல்லோடு உறவுடையது என்பது கேட்ட அளவிற் புலனாம். ஊசல் வரியைச் சிலப்பதிகாரத்திலும் பொன்னூசலைத் திருவாசகத்திலும் பாடிய நாட்டிற்கு ஊஞ்சல் விளையாட்டு இரவற்பொருள் ஆகாது.

குதிரையும் மரவடிவில் நமக்கு அயலன்று. காதலில் தோற்ற தலைவன் பனைமடலாற் குதிரை செய்து, அதன்மேலேறித் தெருவில் வருவேன் என்று கூறுதல் அகத்திணை மரபு. பனை மிக்க இக்கரையில் அம்மடல்மாவின் கருக்கு எத்தகையது என்பதைச் சொல்லி விளக்க வேண்டுவதில்லை. கோயில்களிற் குதிரை வாகனம் மரத்தாற் செய்து வண்ணமோ பொன்தகடோ பொதியப்பெறும். திருவரங்கத்தில் அக்குதிரையைத் தோளிற் சுமப்போர் முன்னும் பின்னுமாக ஓடிச் சுழன்று காட்டுவதற்கு வையாளி என்றே பெயர். குதிரைப் பயிற்சிக்குரிய பழஞ்சொல், உயிர்க்குதிரை போனபின் மரக்குதிரையைப் பற்றிக்கொண்டு வாழ்கிறது. ஐயனார் கோயில் மண்குதிரையும் பொய்க்கால் குதிரையும் இவ்வரிசையினவே. ஓராண்டிற் சாகும் குதிரையைப் பொன் கொடுத்து வாங்கிய நாட்டில், மரமும் மண்ணும் சாகாத குதிரைகளைத் தந்தன.

ஐரோப்பாவில் இராட்டினம் பொறியாக வளர்ந்த வரலாற்றைச் சுருங்கக் கூறுதல் போதும். செருமனியில் அனாவு நகரை அடுத்த வில்லெல்ம்சுபாத்தில் 1780ஐ ஒட்டிக் கட்டிய இராட்டினம் இன்றும் நிற்கின்றது. வட்டக் கோயில் போன்ற கட்டடத்தில் மரக்குதிரைகளும் தேர்களும் சுழல, அவற்றை இயக்கும் பொறி கண்ணுக்குப் புலப்படாமல் கீழறையில் மறைந்திருந்தது. நெடுங்காலம் ஓடாது கிடந்த அதனைப் பழுது பார்த்து 2016இல் மீண்டும் சுழலவிட்டனர். 1860களில் இங்கிலாந்துச் சந்தைகளில் நீராவி இராட்டினத்தைச் சுற்றத் தொடங்கியது. கிங்சு லின் நகரத்துப் பிரெடரிக்கு சாவேசு என்பவரின் தொழிலகம், குதிரை சுற்றுவதோடு ஏறியும் இறங்கியும் பாய்வது போலத் தோன்றுமாறு நெம்புருளை அமைத்து அதனைப் பரப்பியது. செருமனியினின்று குடியேறிய குசுத்தாவு தென்செல் 1867இல் பிலடெல்பியாவில் இராட்டினத் தொழிலைத் தொடங்கினார். அமெரிக்காவில் இன்றும் சுழல்வனவற்றுள் மிகப் பழையவற்றுள் ஒன்று, 1876இல் செய்யப்பெற்று மார்த்தாசு வினியார்டு தீவின் ஓக்கு பிளப்சு ஊரில் உள்ளது. அதன் குதிரைகளுக்கு உண்மைக் குதிரைமயிரால் வாலும் பிடரியும் அமைந்துள்ளன. ஏறியோர் கை நீட்டி வளையம் பறிக்கும் வழக்கமும் அங்கு மாறவில்லை. பித்தளை வளையம் வாய்த்தவர்க்கு மற்றொரு சுற்று இலவசம். 1987இல் அதனை நாட்டின் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தனர்.

அவ்வளையம் கருதத்தக்கது. ஈட்டியாற் கோத்த பழைய வளையத்தின் எச்சமே அது. ஐரோப்பியப் பெருநிலத்திலும் அமெரிக்காவிலும் இராட்டினம் இடஞ்சுழியாகச் சுற்றும். அப்போதுதான் ஏறியவனின் வலக்கை வெளிப்புறம் அமைந்து வளையத்திற்கு நீளும். இங்கிலாந்திலோ குதிரைக்கு இடப்புறமாக ஏறும் வழக்கத்தையொட்டி அது வலஞ்சுழியாகச் சுற்றும். கோயிலை நாம் வலம்வரும் திசை அதுவே. இவ்வொற்றுமைக்கு வேறு பொருள் காண முயலுதல் வீண்.

நம் திருவிழாக்களின் குடை இராட்டினத்தை இப்பின்னணியில் வைத்து நோக்கின் என்ன காண்கிறோம்? நடுவே ஒரு தூண். அதன் தலையில் குடைக்கம்பிகள் போல விரிந்த மரக்கைகள். அவற்றினின்று இரும்புக் கம்பியில் தொங்கும் குதிரைகள். உடன் நடந்து தள்ளிச் சுற்றும் ஒருவர். மேடையில்லை, நீராவியில்லை, வளையமும் இல்லை. ஏறிய சிறுவனின் கை ஈட்டி பிடிக்கவோ வளையம் பறிக்கவோ நீள்வதன்று. கம்பியைப் பற்றிக்கொள்வதே அதன் தொழில். அமைப்பினால் இது தொங்கும் ஊஞ்சலின் இனம். பெயரினாற் சக்கரத்தின் இனம். குதிரையோ வாகனத்தின் சாயல். வண்ணம் தீட்டுவோர் கண்ணுக்கும் பிடரிக்கும் இடும் கோடுகளைக் கோயில் வாகனத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்க்கு இஃது எளிதில் விளங்கும்.

இதற்கு ஒரு தடை எழுதல் கூடும். ஐரோப்பாவிலும் தொங்கும் குதிரைகளை உடைய இராட்டினங்கள் உண்டு. ஆகவே தொங்குதல் ஒன்றையே கொண்டு குடி வகுத்தல் ஆகாது என்பர். அமெரிக்காவின் வாட்சு இல் ஊரில் உள்ள பழைய இராட்டினத்தின் குதிரைகள் சங்கிலியில் தொங்குவன. விரைவு மிகுந்துழி வெளிப்புறமாகப் பறப்பன. தடை ஏற்புடையதே. குதிரையை இராட்டினத்திற் பூட்டும் எண்ணம் ஆங்கிலேயர் காலத்துச் சந்தைகளின்வழி நமக்கு வந்திருத்தல் கூடும் என்பதையும் மறுக்கின்றிலோம். யாம் வலியுறுத்துவது ஒன்றே. வந்த எண்ணத்தை ஏற்றுக்கொள்ளும் சொல்லும் ஊஞ்சலும் மரக்குதிரையும் இங்கு முன்னரே ஆயத்தமாக இருந்தன. அதனாலேயே போர்ப்பெயரும் வளையமும் கரையேறாது நின்றுவிட்டன. குதிரை மட்டும் உள்ளே வந்தது.

இக்கூற்றை மேலும் உறுதிசெய்யப் பழைய இராட்டினங்களே சான்றாதல் வேண்டும். அவையோ விரைந்து மறைகின்றன. இரும்பும் கண்ணாடியிழையும் மரத்தின் இடத்தைக் கொண்டுவிட்டன. மின்பொறி தள்ளுவாரின் இடத்தைக் கொண்டுவிட்டது. மரக்குதிரையின் கால் முறிந்தால் தச்சரிடம் கொடுத்துச் செப்பனிடுதலினும் விறகாக்குதல் எளிது. செருமானியர் ஓடாத இராட்டினத்தை ஓடவைத்தனர்; அமெரிக்கர் பொம்மைக் குதிரையை நாட்டுச் சின்னமாக்கினர். நம் அருங்காட்சியகங்களில் செப்புத் திருமேனிக்கும் வாளுக்கும் கிடைக்கும் இடத்தில் சிறுபங்கேனும் இம்மரக்குதிரைக்குக் கிடைத்தல் முறை. தூத்துக்குடிப் பனிமயமாதா திருநாள், திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம் முதலிய இடத்து விழாக்களுக்கு வரும் இராட்டினக்காரர்களை அணுகி, குதிரை செய்த மரம் யாது, தச்சர் எவ்வூரார், கைகளின் எண்ணிக்கை என்ன, சுற்றும் திசை எது, உறுப்புகளுக்கு அவர் வழங்கும் பெயர்கள் எவை என்பனவற்றைக் குறித்துக்கொள்ளுதல் தமிழ் பயிலும் மாணவர்க்கு அரிய செயலன்று. ஆற்றுமுகத்துத் துறைகளின் பெயர்களைக் கால்டுவெல் நடந்து திரிந்தே கேட்டறிந்தார். இராட்டினத்தின் உறுப்புப்பெயர்கள் இன்னும் எந்த அகராதியிலும் ஏறவில்லை. அவற்றை வாயாற் சொல்லக்கூடியோர் முதியவராகி வருகின்றனர்.